பல்கலைக்கழக வாசலும் ஆங்கிலத் தேர்வும்: நம் மக்கள் கடந்து வந்த வழி

ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தை அளந்தறிய அளவுகோல்கள் பல உள. நிலவுடைமை ஒன்று, கைத்தொழில் ஒன்று, அரசியல் உரிமை மற்றொன்று. ஆயினும் காணி நிலமும் இல்லாத நம் போன்ற மக்களுக்குக் கல்வி ஒன்றே சொந்த உழைப்பால் சேர்க்கக்கூடிய உடைமையாக இருந்து வந்துள்ளது. அக்கல்வியின் உயர்நிலைக்குச் செல்லும் வழியில், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆங்கிலத் தேர்வு என்னும் ஒரு சோதனைச் சாவடி நின்றுகொண்டிருக்கிறது. பெயர் மாறியிருக்கிறது, வினாத்தாள் மாறியிருக்கிறது, சாவடி மட்டும் அகலவில்லை.

நம் சங்கம் நடத்தும் மாலை வகுப்புகளில் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. கணிதத்திலும் அறிவியலிலும் நன்றாகத் தேறும் பிள்ளைகள், ஆங்கிலத் தகுதித் தேர்வு உண்டு என்று கேள்வியுற்ற மாத்திரத்தில் விண்ணப்பத் தாளையே மடித்து வைத்து விடுகின்றனர். "அதெல்லாம் நமக்கு வராது, சார்" என்பது அவர்கள் சொல்லும் காரணம். வராது என்பது உண்மைதானா? நமக்கு முன் நடந்தவர்கள் இச்சாவடியை எவ்வாறு கடந்தனர்? இவற்றை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1857: வாசல் திறந்த ஆண்டு

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சட்டப்படி நிறுவப்பெற்றது. 1854இல் வெளியான சார்லஸ் உட் அவர்களின் கல்வி அறிக்கையே அதற்கு அடிப்படை. பல்கலைக்கழகத்துள் நுழைய விரும்புவோர் முதற்கண் மெட்ரிகுலேஷன் என்னும் நுழைவுத் தேர்வில் தேறுதல் வேண்டும் என்பது விதி. அதில் ஆங்கிலம் கட்டாயப் பாடம். அவ்வாண்டே நடைபெற்ற முதல் தேர்வில் 41 பேர் அமர்ந்து 36 பேர் தேறினர். இப்பெரிய மாகாணத்திற்கு முதல் அறுவடை அவ்வளவே!

முதன்முதலில் பி.ஏ. பட்டம் பெற்ற இருவரும் யாழ்ப்பாணத்தினர். ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை, மற்றவர் விசுவநாத பிள்ளை. இருவரும் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைக் கல்லூரியில் பயின்றவர்கள். ஆங்கிலத்தில் தேறிய தாமோதரம் பிள்ளையே பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும், 1887இல் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தார். ஆங்கிலம் கற்றால் தமிழ் அழிந்துவிடும் என்று அஞ்சுவோர் இதனை நினைவிற் கொள்வாராக. ஒரு மொழியை ஒழுங்காகக் கற்ற பயிற்சி மற்றொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்பதே நம் ஆசிரியப் பணியிலும் நாம் கண்ட உண்மை.

இவ்விருவரும் எவ்வாறு ஆயத்தம் பெற்றனர் என்பதும் கருதத் தக்கது. உறைவிடம், நூலகம், நாள்தோறும் ஆங்கிலத்தில் படிக்கவும் எழுதவும் பேசவும் வாய்ப்பு ஆகிய மூன்றும் அவர்களுக்குக் கிட்டின. அம்மூன்றும் கிட்டியோர் தேறினர். கிட்டாதோர் வாசலையே கண்டிலர். இது பிறவி அறிவைப் பற்றிய செய்தியன்று, வாய்ப்பைப் பற்றிய செய்தி.

வாசல் வரை வழியில்லாதார்

அந்நாளில் பஞ்சமர் என்று குறிக்கப்பட்ட நம் முன்னோர் நிலை என்ன? தேர்வு மண்டபம் இருக்கட்டும், திண்ணைப் பள்ளியின் படியேறவும் அவர்களுக்கு உரிமையில்லை. கிறித்தவ மிஷன் பள்ளிகளே முதற் கதவுகளாயின. செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, நம் மக்களின் நிலமின்மையையும் அடிமை நிலையையும் அரசின் முன் வைத்தது. 1893 பிப்ரவரித் திங்களில் பஞ்சமர் கல்விக்கென அரசாணை பிறந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆனால் இவை பெரும்பாலும் தொடக்கக் கல்வியோடு நின்றன. எழுத்தறிவுக்கும் மெட்ரிகுலேஷனுக்கும் இடையில் இருந்த பள்ளத்தின்மேல் பாலம் எதுவும் அமைக்கப்படவில்லை.

1919இல் வெளியான அரசாணை ஒன்று கூறும் கணக்கைக் கேண்மின். மாகாணத்தில் பொது நிர்வாகத்தின்கீழ் இருந்த 8,157 பள்ளிகளில் பஞ்சமப் பிள்ளைகள் சேரக்கூடியவை 609 மட்டுமே. பள்ளி அக்கிரகாரத்திலோ கோயிலருகிலோ இருந்தால் நம் பிள்ளை அங்கே கால் வைப்பது எங்ஙனம்? நுழைவுத் தேர்வில் நம்மவர் பெயர் அரிதாகவே காணப்பட்டமைக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

தேர்வு எல்லார்க்கும் பொது என்பர். அப்பொதுமையின் உட்பொருளை அன்றே உணர்ந்தவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒருங்கே நடத்த வேண்டுமெனக் காங்கிரசார் கோரியபோது, 1893இல் அவரும் பறையர் மகாஜன சபையினரும் அதனை மறுத்து, 3,412 பேர் கையொப்பமிட்ட மனுவைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். பள்ளிக்கூடமே மறுக்கப்பட்ட மக்கள் இருக்கும் நாட்டில், ஏற்கெனவே படித்த ஒரு சாராரே தேர்வின் வழியாக அதிகாரம் முழுவதையும் கைக்கொள்வர் என்பது அவர்தம் அச்சம். அம்முடிவைப் பற்றி இன்று கருத்து வேறுபடலாம். ஆனால் தேர்வுக்கு முன் ஆயத்த வசதி சமமாதல் வேண்டும் என்ற அவ்வாதம் இன்றும் உயிருடன் இருக்கிறது.

சேர்வராயன் மலையில்

இனி நம் மலைக்கு வருவோம். கடல் மட்டத்திற்கு மேல் 1,623 மீட்டர் உயரத்தில், குகையைக் கருவறையாகக் கொண்டு சேர்வராயன் கோயில் விளங்குகிறது. சேர்வராயனும் காவேரியம்மனும் அங்கே குடிகொண்டுள்ளனர். மே மாதத் திருவிழாவில் மலையாளிப் பழங்குடி மக்கள் ஊர் ஊராகத் திரண்டு வருவர். அக்கோயிலடியில் நின்று நோக்கினால், சரிவெங்கும் காப்பித் தோட்டங்கள் தெரியும்.

சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் என்பவர் 1820களில் இம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். தோட்டங்கள் பெருகின, மலைமக்களோடு, சமவெளியிலிருந்து ஏறி வந்த நம் மக்களும் அவற்றின் உழைப்பாளிகளாயினர். தோட்டத்துக் கணக்கு ஆங்கிலத்தில். செக் ரோலில் பெயர் ஏறியதா, எத்தனை நாள் வேலை, எவ்வளவு முன்பணம் பிடித்தம் என்பதெல்லாம் அந்த ஏட்டில். தம் கூலியின் கணக்கைத் தாமே படித்தறிய இயலாத மக்கள் மேஸ்திரி சொன்னதே வேதம் என்றிருந்தனர். ஆங்கிலம் அறியாமை அவர்க்குக் கௌரவக் குறைவாக அன்று, கூலிக் குறைவாகவே வந்து சேர்ந்தது.

இதே மலையில் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளை முன்னிட்டு உறைவிடப் பள்ளிகளும் எழுந்தன. மாண்ட்போர்ட் பள்ளி 1917இல் தொடங்கப்பெற்றது. நாட்டின் பல மலைநகரங்களில் இருந்த இத்தகைய பள்ளிகள், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கடல் கடந்து நடத்திய தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்தன. ஆக, ஒரே மலை, ஒரே பனி, ஒரே மழை. ஆனால் ஒரு பிள்ளை கேம்பிரிட்ஜ் வினாத்தாளுக்குப் படித்தது, மற்றொரு பிள்ளை காப்பிப் பழம் பொறுக்கியது. தோட்டத்தில் 6 வயது முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருப்பின் முதலாளி கல்வி வசதி செய்து தர வேண்டும் என விதிக்க 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வரவேண்டியிருந்தது. அதுவும் தொடக்கக் கல்விக்கு மட்டுமே. நம் குடும்பங்களில் பலவற்றுள் பட்டம் பெறும் முதல் தலைமுறை இப்போதுதான் வந்திருக்கிறது என்பதில் வியப்பில்லை.

கடந்து சென்றவர்கள்

இத்தனை தடைகளையும் மீறி வாசலைக் கடந்தவர்களைப் பற்றி நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். அவர்களைப் படமாக மாட்டி மாலையிடுவதோடு நில்லாமல், அவர்கள் எவ்வாறு படித்தார்கள் என்பதையும் அறிதல் வேண்டும்.

சீனிவாசன் அவர்கள் கோயம்புத்தூரில் பயின்ற நாளைப் பற்றித் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியுள்ளார். பிற மாணவரோடு பழகினால் சாதியையும் இருப்பிடத்தையும் கேட்டறிந்து தாழ்வாக நடத்துவர் என்று அஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்கேனும் இருந்து வாசித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பின்பே வகுப்புக்குள் செல்வாராம். வகுப்பு கலைந்ததும் எவரும் எட்டாதபடி விரைந்து வீடு சேர்வாராம். பேச்சுத் துணையற்ற அச்சிறுவனுக்கு வாசிப்பே துணையாயிற்று. அவரே பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் குறைகளை ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார்.

அண்ணல் அம்பேத்கர் 1907இல் பம்பாயில் மெட்ரிகுலேஷன் தேறினார். பரேல் பகுதியில் ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. தந்தை ராம்ஜி இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து, மகனை எழுப்பிப் படிக்க வைத்த பின்பே தாம் உறங்குவார். அம்மகன் பெற்ற மதிப்பெண் 750க்கு 282. இந்த எண்ணை நம் இளைஞர்கள் ஒருமுறைக்கு இருமுறை நோக்குக! நூற்றுக்கு நாற்பதுக்கும் குறைவு. ஆறே ஆண்டுகளில், 1913இல், பரோடா மன்னரின் உதவியால் அவர் அமெரிக்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1923இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். முதல் தேர்வின் மதிப்பெண் ஒருவன் வாழ்வின் எல்லையைக் குறிப்பதில்லை.

பெருந்தலைவர் எம்.சி. ராஜா பரங்கிமலையில் பிறந்து, வெஸ்லி பள்ளியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பெற்று நம் மக்களுக்காகப் பேசினார். 1925இல் ஒடுக்கப்பட்ட இந்துக்களைப் பற்றி அவர் எழுதிய நூல் ஆங்கில நூலே. ஆட்சியாளர் படிக்கும் மொழியில் நம் வழக்கை எழுதிவைக்க வேண்டிய தேவை அன்று இருந்தது. அதனைப் பிறரிடம் கொடுத்து எழுதுவிக்காமல் தாமே எழுதியது அவர் பெருமை.

அண்டை நாடான கேரளத்தின் உழவூரில் பிறந்த கே.ஆர். நாராயணன் கதையும் ஈண்டு நினைக்கத் தக்கது. நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்து பள்ளி சென்றார். கட்டணம் செலுத்த இயலாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட நாள்களும் உண்டு. புத்தகம் வாங்கப் பொருளில்லை. நோயால் வீட்டிலிருந்த அண்ணன் நீலகண்டன், பிற மாணவரிடம் புத்தகங்களை இரவல் வாங்கி, கையாலேயே படியெடுத்துத் தம்பிக்குக் கொடுப்பார். அத்தம்பி 1943இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய எம்.ஏ. தேர்வில் முதலிடம் பெற்றார். இலண்டன் சென்று பயின்றார். 1997இல் குடியரசுத் தலைவரானார். ஆங்கிலம் "நமக்கு வராது" என்போர்க்கு இதனினும் வேறு மறுப்பு வேண்டுமோ?

இவ்வரலாறுகளில் ஒன்று பொதுவாக அமைந்திருப்பதைக் காண்க. தேர்வு எழுதியவர் ஒருவர். ஆயத்தம் செய்தது ஒரு குடும்பம். விழித்திருந்த தந்தையும் படியெடுத்த அண்ணனும் தேர்ச்சிப் பட்டியலில் இல்லை. ஆனால் அவர்களின்றித் தேர்ச்சியும் இல்லை. பெற்றோர்க்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. விளக்கை அணைக்காமலும் தொலைக்காட்சியை நிறுத்தியும் வைத்தால் அதுவே பெருந்துணை.

இலக்கணமா, வாசிப்பா?

ஆங்கிலத்தை இலக்கண விதிகளால் கற்பதா, வாசிப்பால் கற்பதா என்பது ஒரு பழைய வழக்கு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெஸ்பீல்டு இலக்கணம் இந்திய வகுப்பறைகளை ஆண்டது. 1930களில் ரென்-மார்ட்டின் அவ்விடத்தைப் பிடித்தது. விதியை மனப்பாடம் செய்து, வாக்கியத்தைத் திருத்துவதே பயிற்சி என்ற எண்ணம் வேரூன்றியது.

அதே காலத்தில் டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் வேறு வழி கண்டார். ஆங்கிலம் கற்கத் தொடங்கும் இந்தியப் பிள்ளைகளில் பலர் இடையிலேயே பள்ளியை விட்டு நின்றுவிடுகின்றனர். காப்பீட்டுப் பத்திரத்தை இடையில் ஒப்படைத்தாலும் ஒரு தொகை கைக்கு வருவதுபோல, இடையில் நிற்கும் பிள்ளைக்கும் கற்ற ஆங்கிலத்தால் ஒரு பயன் மிஞ்ச வேண்டும். அப்பயன் வாசிக்கும் திறனே என்றார் அவர். குறைந்த சொற்களால் எளிய வாசக நூல்களை எழுதினார். 1953இல் வெளியான அவரது பொதுச் சொற்பட்டியல் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டது. பின்னர் 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு முன்னின்று நடத்திய பெங்களூர்த் திட்டத்தில், இலக்கணத்தைத் தனிப்பாடமாக நடத்தாமல், கால அட்டவணையையும் வரைபடத்தையும் படித்து விடை காணும் பணிகளின் வழியே ஆங்கிலம் பழக்கப்பட்டது. பெங்களூரோடு சென்னை, கடலூர்ப் பள்ளிகளும் அதில் பங்கு கொண்டன.

நம் கருத்து யாதெனின், வாசிப்பு உணவு; இலக்கணம் மருந்து. நாள்தோறும் உண்ண வேண்டியது உணவு. நோய் கண்ட இடத்தில் தர வேண்டியது மருந்து. நம் பிள்ளைகளுக்கு வரும் நோய்களும் பெரும்பாலும் தமிழமைப்பிலிருந்து வருவனவே. தமிழில் 'ஏ', 'தி' போன்ற சுட்டுச் சொற்கள் பெயருக்கு முன் வருவதில்லை. ஆதலால் அவற்றை விட்டுவிடுவர். தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின் ஒட்டும், ஆங்கிலத்தில் 'இன்', 'ஆன்', 'அட்' என்பன முன்னே தனித்து நிற்கும், ஆதலால் தடுமாறுவர். "நேற்று வந்த பையன்" என்னும் பெயரெச்சத் தொடரில் பையன் கடைசியில் வருவான். ஆங்கிலத்திலோ பையன் முதலில் வந்து, 'ஹூ கேம்' என்னும் விளக்கம் பின்தொடரும். நெடிய வாக்கியங்களைப் படிக்கையில் நம் மாணவர் பொருளைத் தவறவிடுவது இவ்விடத்தில்தான். இம்மூன்றையும் தமிழோடு ஒப்பிட்டு விளக்கினால், நூறு விதிகளின் சுமை குறையும்.

இன்றைய தேர்வுகள்

மெட்ரிகுலேஷன் போய் 1911இல் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது, பின்னர் பி.யூ.சி. வந்தது, 1978இல் மேல்நிலை வகுப்புகள் தொடங்கின. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை நாடுவோர்க்கு 1964 முதல் டோஃபல் தேர்வும், 1989 முதல் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வும் வாசலாயின. பின்னதில் வாசிப்புத் தாளுக்கு ஒரு மணி நேரம், 40 வினாக்கள். இலக்கணத்திற்கெனத் தனித்தாள் இல்லை. ஆனால் எழுத்திலும் பேச்சிலும் மதிப்பிடப்படும் நான்கு கூறுகளுள் இலக்கணமும் ஒன்று. ஆக, விதியைச் சொல்லத் தெரிதல் போதாது. விதி கையில் படிந்திருத்தல் வேண்டும்.

தோல்வியைக் கண்டு மனம் தளர்வோர்க்கு இரு செய்திகள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913இல் தன் ஆங்கிலப் புலமைத் தேர்வை முதன்முதல் நடத்தியபோது எழுதியவர் மூவர், மூவரும் தோற்றனர். கணித மேதை இராமானுஜன் 1905இல் குடந்தைக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்ததும் ஆங்கிலத் தாளினால்தான். ஆங்கிலத் தேர்வு ஆங்கிலத்தை மட்டுமே அளக்கும், ஆளை அளக்காது.

வாய்ப்புகளும் இன்று பெருகியுள்ளன. அண்ணல் அவர்கள் வைசிராயின் நிர்வாக சபையில் இருந்த காலத்தில், 1944இல், பட்டியல் சாதியினருக்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. 1954-55 முதல் கடல் கடந்து பயில மைய அரசின் உதவித்தொகை உண்டு. 1974இல் நிறுவப்பெற்ற தாட்கோ, இத்தகைய தகுதித் தேர்வுகளுக்கான பயிற்சியையும் அண்மை ஆண்டுகளில் அளிக்க முன்வந்துள்ளது. பணம் இருந்தும் விண்ணப்பிக்க ஆளில்லை என்னும் நிலை வருமாயின் அது நமக்கு இழுக்கு.

முடிவுரை

வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். முதலாவது, மாலை வகுப்பில் நாள்தோறும் அரைமணி நேரம் உரக்க வாசிக்கும் பழக்கம். அன்றைய ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்றே அதற்குப் போதும். இரண்டாவது, தேர்வெழுதி முடித்தவர் தம் குறிப்பேட்டைச் சங்க நூலகத்தில் வைத்துச் செல்லும் வழக்கம்; ஓர் அண்ணன் தன் தம்பிக்குச் செய்ததை நம் சமுதாயம் தன் பிள்ளைகளுக்குச் செய்யட்டும். மூன்றாவது, முதல் முறை தோற்றவரை மறுமுறை எழுத வைக்கும் பொறுப்பைச் சங்கமே ஏற்றல். தேர்வுக் கட்டணத்திற்கென ஒரு சிறு நிதி ஒதுக்குவது நமக்கு இயலாத காரியமன்று.

இளைஞர்களே! உங்கள் பாட்டனார் தம் கூலிக் கணக்கைப் படிக்க இயலாமல் கைந்நாட்டு வைத்தார். அந்த ஏட்டின் மொழியை நீங்கள் கற்பது அவருக்கு நீங்கள் செலுத்தும் கடன். தமிழில் சிந்தியுங்கள், ஆங்கிலத்தில் வாசியுங்கள், விண்ணப்பத்தை மடித்து வைக்காமல் நிரப்பி அனுப்புங்கள். அடுத்த விழா மலரில் இவ்வரலாற்றின் தொடர்ச்சியை உங்கள் பெயர்களோடு எழுத நாம் காத்திருக்கிறோம்.